கவர் எடுத்த மதலைமுத்து

மதலைமுத்துவைப் பற்றி எழுதினால் என்னைப் பற்றியும் எழுதியாக வேண்டும். இத்தனை வருஷம் எழுதாமல் இருந்ததற்கு அதுதான் காரணம். அடக்கம், கூச்சம் என்று யாராவது நினைத்தால் அது அவர்கள் பெருந்தன்மை.

நான் ஸ்ரீகண்டன். பாங்கில் முப்பது வருஷம் குப்பை கொட்டினவன். தொண்ணூற்றொன்றில் பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டைக் கிளையில் ஆபீசராக இருந்தேன். சின்னச் சின்ன ஷெட் முதலாளிகள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். அவர்களில் ஒருவர் பழனிச்சாமி. கோயம்புத்தூரில் ஃபிட்டராக இருந்து, பெங்களூர் வந்து, பதினான்கு பேருக்குச் சம்பளம் கொடுக்கும் அளவுக்குச் சொந்தமாகக் கம்பெனி வைத்தவர். மோட்டார் கம்பெனிகளுக்குப் பல்சக்கரம் வெட்டித் தருவது தொழில். அவரிடம் கணக்கு எழுதுபவர், டைப் அடிப்பவர், பாங்குக்கு வருபவர், பியூன் வராத அன்று டீ வாங்கி வருபவர் எல்லாம் ஒரே ஆள். அவர்தான் மதலைமுத்து.

அப்போது அவருக்கு வயது முப்பத்து நான்கு. மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவர். அப்பா ராணுவ மெஸ்ஸில் சமையல்காரர். மதலைமுத்து பி.யூ.சி.யில் இங்கிலீஷில் கோட்டை விட்டுவிட்டு டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டார். நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து வார்த்தை அடிப்பார். அதில் பாதிக்கு அர்த்தம் கேட்டால் சிரிப்பார். "அர்த்தம் மொதலாளிக்குத் தெரிஞ்சா போதும் சார், எனக்கு ஸ்பெல்லிங் தெரிஞ்சா போதும்" என்பார். காலையில் சிவாஜிநகர் வந்து, மெஜஸ்டிக்கில் பஸ் மாறி, பீன்யா சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். ஒரு நாள் கூட லேட் என்று பழனிச்சாமி சொன்னதில்லை.

அவருக்கு ஒரு பித்து இருந்தது. தபால் கவர். வந்த கவர் எதையும் கிழிக்க மாட்டார். ஓரத்தில் ஈரத்துணி வைத்துப் பசையை இளக்கி, பிரித்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி ஒட்டி, மறுபடி உபயோகிப்பார். பழனிச்சாமியின் கம்பெனியில் ஐந்து வருஷமாகப் புதுக் கவர் வாங்கவில்லை என்று பெருமையாகச் சொல்வார். எங்கள் கிளையில் ஒவ்வொரு பார்ட்டிக்கும் மர அலமாரியில் ஒரு பொந்து உண்டு. அன்றைய காகிதங்களைக் காக்கிக் கவரில் போட்டு அதில் செருகி வைப்போம். மதலைமுத்து தினமும் பதினொரு மணிக்கு வந்து எடுத்துப் போவார். வாசலில் உட்கார்ந்திருக்கும் எங்கள் பியூன் கோவிந்தப்பா, "ஏனு மதலை, கவர் தகொண்ட்ரா?" என்பார், கவர் எடுத்தாச்சா என்று கன்னடத்தில். இவர், "தகொண்டே, தகொண்டே" என்று சொல்லிக்கொண்டே படியிறங்குவார். அவர்களுக்குள் குட் மார்னிங் அதுதான்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மதலைமுத்துவின் வாழ்க்கையில் 'கவர்' என்ற சொல்லுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருந்தது.

தொண்ணூறாம் வருஷம் பழனிச்சாமி ஜெர்மனியிலிருந்து ஒரு பழைய பல்சக்கர மெஷின் வாங்கியிருந்தார். மெஷின் வந்து ஓட ஆரம்பித்துவிட்டது. பணத்தை ஆறு மாதக் கெடுவில் மொத்தமாக, ஜெர்மன் மார்க்கில், ஜூலை இருபத்திரண்டாம் தேதி கட்ட வேண்டும். அந்த ஆறு மாதத்தில் தேசத்தின் நிலைமை சந்தி சிரித்தது. இறக்குமதிக்குக் கொடுக்கக் கையில் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் அந்நியப் பணம் இல்லை என்று பேப்பரிலேயே போட்டான். தங்கத்தை விமானத்தில் ஏற்றி வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டு அண்டாவை அடகு வைத்தாலே முந்தானையால் மூடி எடுத்துப் போகிற ஜனங்கள் நாம். நூறு ரூபாய்ச் சாமான் இறக்குமதி செய்ய வேண்டுமா, இருநூறு ரூபாய் முன்பணம் கட்டு என்று உத்தரவு வந்தது. பீன்யாவில் சாணைக்கல் கிடைக்காமல் பாதி மெஷின்கள் சாக்கு போர்த்திக்கொண்டு நின்றன. ரூபாய் எந்த நிமிஷமும் விழலாம் என்று பாங்கில் எல்லோரும் கிசுகிசுத்துக்கொண்டிருந்தோம்.

அதற்கு ஒரு பாதுகாப்பு உண்டு. 'ஃபார்வர்ட் கவர்' என்று பெயர். இன்றைக்கே பாங்கோடு ஒரு விலை பேசி எழுதி வைத்துவிட்டால், பணம் கட்டுகிற நாளில் மார்க் என்ன விலை விற்றாலும் பேசின விலைக்கே பாங்க் கொடுத்தாக வேண்டும். எங்கள் பாஷையில் சுருக்கமாகக் 'கவர் எடுப்பது'. அதை மெயின் பிராஞ்சில் போய்த்தான் எழுத வேண்டும். எங்கள் வேலை, வெளிநாட்டுக் கடன் உள்ள பார்ட்டிகளை எச்சரிப்பது, எடுத்துவிட்டார்களா என்று கேட்டு, ஒப்பந்த நகலை வாங்கி ஃபைலில் வைத்து, ரிஜிஸ்டரில் டிக் போடுவது. கேட்க வேண்டியது முதலாளியிடம். வாங்க வேண்டியது நகல். இரண்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

ஜூன் மூன்றாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை, கையில் பதினெட்டு பார்ட்டிகளின் லிஸ்டோடு போனில் உட்கார்ந்தேன். பழனிச்சாமி கம்பெனியில் மதலைமுத்து எடுத்தார்.

"மதலைமுத்து, அந்த ஜெர்மன் மெஷினுக்குக் கவர் எடுத்துட்டேளா?"

"நேத்தே எடுத்துட்டேன் சார்."

"முதலாளிக்குத் தெரியுமோல்லியோ?"

"அவரு கையிலயே குடுத்துட்டேன் சார்."

"பேஷ்" என்று சொல்லி டிக் போட்டேன். மொத்தம் அரை நிமிஷம். நகல் பிறகு வரும் என்று நினைத்தேன். இல்லை, அப்படிக்கூட நினைக்கவில்லை. அடுத்த நம்பரைச் சுழற்ற ஆரம்பித்துவிட்டேன்.

ஜூலை ஒன்றாம் தேதி திங்கட்கிழமை ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். எல்லோரும் மூச்சு விடுவதற்குள் புதன்கிழமை மறுபடியும் குறைத்தார்கள். பதினொன்றே முக்கால் ரூபாய்க்கு இருந்த மார்க் பதினான்கே கால் ஆயிற்று. கவர் எடுக்காத முதலாளிகள் எங்கள் கவுண்டரில் வந்து நின்ற முகங்களை நான் விவரிக்கப் போவதில்லை. பழனிச்சாமி பெயருக்கு நேரே இருந்த டிக்கைப் பார்த்து, நம்ம ஆள் பிழைத்தார் என்று சந்தோஷப்பட்டேன். நிஜமான சந்தோஷம். அதையும் சொல்லிவிட வேண்டும்.

வியாழக்கிழமை வழக்கம்போல் பதினொரு மணிக்கு மதலைமுத்து வந்தார். கூப்பிட்டு, "நல்ல வேளை கவர் எடுத்தேள்! அந்த காண்ட்ராக்ட் நகலை மட்டும் கொடுத்துடுங்கோ" என்றேன்.

"இன்னா நகல் சார்?"

"கவர் எடுத்த பேப்பர்."

அவர் கைப்பையைத் திறந்து ஒரு காக்கிக் கவரை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஏற்கெனவே பிரித்துத் திருப்பி ஒட்டியிருந்தார். "உள்ள இருந்த லெட்டரை மொதலாளி வெச்சிக்கினாரு சார். கவரு மட்டும் எங்கிட்ட இருக்குது. பணம் கட்ற தேதி போட்டு ஜெர்மனி பாங்க்லேர்ந்து வந்த லெட்டர்தானே? நீங்க கேட்டதுக்கு மொத நாளே இங்கேர்ந்து எடுத்துக்கினு போயிட்டேன்."

அவரை ரெக்கார்டு ரூமுக்குக் கூட்டிப் போய், கதவைச் சாத்தி, கவர் என்றால் என்ன என்று விளக்கினேன். அவருக்குப் புரிய வைக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் கீழே உட்கார்ந்துவிட்டார். பழைய லெட்ஜர்களின் நடுவே, தரையில்.

"எவ்ளோ சார்?"

"மூன்றரை லட்சத்துக்குப் பக்கம்."

அவருடைய சம்பளம் ஆயிரத்து இருநூறு. கணக்கு எழுதுகிறவர் அல்லவா, மனசுக்குள் வகுத்துப் பார்த்திருப்பார். சட்டென்று எழுந்தார். "நா இப்பவே போயி மொதலாளி கால்ல வுழுந்து சொல்லிடறேன் சார். எவனோ சொல்லி அவருக்குத் தெரியக் கூடாது. நானே சொல்லணும். எங்கூட்டுக்கு அரிசி போடற மனுசன் சார் அவரு."

கதவை மறித்துக்கொண்டு நின்றவன் நான்தான். "இரும், இரும். சொல்லிட்டா பணம் திரும்பி வந்துடுமா? நஷ்டம் எத்தனைன்னு தெரிஞ்சு அவர் தவிச்சிண்டிருக்கற நேரத்துல போய்ச் சொன்னா மனுஷன் மார்வலி வந்து விழுவார். ரெண்டு மாசம் போகட்டும். பக்குவமா நானே சொல்றேன்."

"நீங்க சொல்றீங்களா சார்?"

"சொல்றேன்."

பழனிச்சாமியின் மார்வலிக்காக நான் கவலைப்பட்டேன் என்று நம்ப ஆசையாகத்தான் இருக்கிறது. மதலைமுத்து போன பிறகு நான் செய்த முதல் காரியம், ரிஜிஸ்டரை எடுத்து அந்த டிக்கின் மேல் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் 'பார்ட்டி விரும்பவில்லை' என்று எழுதியது. அதே பேனா, அதே மை.

பழனிச்சாமி யெலஹங்காவில் வீடு கட்ட வாங்கிப் போட்டிருந்த மனையை விற்றார். அது போதாமல் ஐந்து பேரை வேலையிலிருந்து நிறுத்தினார். ஆகஸ்டில் ஒரு நாள் என் முன்னால் வந்து உட்கார்ந்து கேட்டார்: "ஏனுங் சார், நாலாவது ஷெட்காரரு என்னமோ கவர்னு ஒண்ணு எடுத்து வெச்சிருந்தாராமுங்க. அவருக்கு அஞ்சு பைசா நட்டமில்லீங்களாம். எனக்கு அதை யாரும் சொல்லலீங்களே?"

"யாருக்கு சார் தெரியும், கவர்ன்மென்ட் இப்படிப் பண்ணும்னு" என்றேன்.

"அதுவும் வாஸ்தவந்தானுங்க" என்று எழுந்து போனார். அவர் கேட்டது ஒன்று, நான் சொன்னது ஒன்று. அந்த மனுஷனுக்கு அது தெரியவில்லை, அல்லது என்னைச் சந்தேகிக்கத் தெரியவில்லை.

மதலைமுத்து அதற்குப் பிறகும் தினமும் பதினொரு மணிக்கு வந்தார். கோவிந்தப்பா கேட்பதை நிறுத்தவில்லை. இவர் பதில் சொல்வதை நிறுத்திவிட்டார். மாதம் ஒரு தடவை கவுண்டர் பக்கம் குனிந்து, "சொன்னீங்களா சார்?" என்று கேட்பார். "சொல்றேன்" என்பேன். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியாது என்பார்கள். இங்கே திருடன் நான், கொட்டு வாங்கினவர் அவர்.

அந்த டிசம்பரில் காவிரித் தகராறு ஊருக்குள் கலவரமாக வெடித்தது. தமிழர்கள் இருக்கிற தெருக்களில் ஜனங்கள் விளக்கைக் கூடப் போடவில்லை. பழனிச்சாமி ஒரு சரக்கு வேனைப் பிடித்துக்கொண்டு மர்பி டவுனுக்குத் தானே போய், மதலைமுத்துவையும் அவர் மனைவி அல்போன்சாவையும் இரண்டு குழந்தைகளையும் ஏற்றி ஓசூரில் தன் மச்சான் வீட்டில் ஒரு வாரம் வைத்துக் காப்பாற்றினார். திரும்பி வந்த மதலைமுத்து என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "இனிமே எப்புடி சார் சொல்றது? முன்னாடி சொல்லியிருந்தா தப்பு பண்ணினவன். இப்ப சொன்னா துரோகி."

அத்தோடு அவர் என்னைக் கேட்பதையும் விட்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது. மூன்று வருஷத்தில் என்னை மெயின் பிராஞ்சுக்கு மாற்றினார்கள். நிம்மதி இன்னும் கூடிற்று.

தொண்ணூற்றேழில் ஒரு மத்தியானம் மெயின் பிராஞ்சுக்கு அல்போன்சா வந்தாள். ஒரு ரெடிமேட் கம்பெனியில் காலர் தைக்கிறவள். அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருந்தாள். தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் ஆரம்பித்தாள்.

"சார், ஓசூர் ரோட்ல ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில அக்கவுண்ட்ஸ் வேலை. எங்க அண்ணன் பேசி முடிச்சிட்டான். அஞ்சாயிரம் சம்பளம், வேன் வந்து இட்டுக்கினு போவுது. இந்த மனுசன் மாட்டேன்றாரு. இங்க இன்னா தர்றாங்க தெரியுமா? அதே ஆயிரத்து எரநூறு. ஆறு வருசமா ஏத்திக் குடுங்கன்னு வாயத் தொறந்து கேக்கல. அந்த மொதலாளியே கூப்ட்டு எரநூறு ஏத்தினா, வேணாம்ன்ட்டு வந்துட்டாரு சார். யாராச்சும் வேணாம்பாங்களா?"

நான் பேப்பர்வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தேன்.

"பொண்ணு நல்லாப் படிக்குது. பத்தாவதோட நிறுத்தணும் போலக்குது. ஏன்னு கேட்டா, ஸ்ரீகண்டன் சாருக்குத் தெரியும்ன்றாரு. அதுக்கு மேல வாய் தொறக்க மாட்டேன்றாரு. உங்களுக்கு இன்னா தெரியும் சார்?"

அந்த ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. அன்று நான் மறித்த கதவும் இருந்தது, சாவியும் என் பையில் இருந்தது என்றே வைத்துக்கொள்ளலாம். "பழனிச்சாமி ரொம்ப நல்லவர்மா. விசுவாசம்தான், வேற என்ன?" என்றேன்.

"விசுவாசத்த கடையில குடுத்தா அரிசி போடுவாங்களா சார்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள். தண்ணீர் அப்படியே இருந்தது. அந்தப் பெண் பத்தாவதோடு நின்று, அம்மாவின் கம்பெனியிலேயே பட்டன் தைக்கப் போய்விட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதைக் கேட்ட ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் இறங்கிற்று.

பழனிச்சாமியின் கம்பெனி அப்புறம் தலைதூக்கவே இல்லை. விட்ட ஆர்டர்களை வேறு ஷெட்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். கம்ப்யூட்டர் வைத்து ஓட்டும் புது மெஷின்கள் வந்துவிட்டன. அதை வாங்க அவரிடம் தெம்பு இல்லை. ஆட்கள் ஒவ்வொருவராக விலகி, கடைசியில் நான்கு பேர் மிஞ்சினார்கள். இரண்டாயிரம் டிசம்பரில் ஷெட்டை விற்றுவிட்டு ஊருக்கே போகிறேன் என்று எனக்குப் போன் செய்தார். "கடைசி நாளு கண்டிப்பா வரோணுங்க. நீங்க வந்தாத்தான் நெறவா இருக்கும்" என்றார்.

அந்த மாதம்தான் நான் பாங்கின் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். பணம் மொத்தமாக வரும். ஆனால் எந்தப் புகாரும், எந்தப் பழைய விசாரணையும் பாக்கி இருக்கக் கூடாது. மனு மேலே போயிருந்தது, உத்தரவு வரவில்லை.

போனேன். மெஷின்களைக் கழற்றி எடுத்துப் போய்விட்டதால் ஷெட் பெரிதாகத் தெரிந்தது. நான்கு தொழிலாளிகள், பழனிச்சாமி, மதலைமுத்து, நான். இலையில் பிரியாணி, ஆளுக்கு ஒரு மைசூர் பாகு. மதலைமுத்துவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்து வணக்கம் சொன்னார், அவ்வளவுதான்.

சாப்பிட்டதும் பழனிச்சாமி எழுந்து ஒவ்வொருவருக்கும் செக் கொடுத்தார். மதலைமுத்துவின் முறை வந்ததும் அவர் தோளில் கை வைத்துக்கொண்டு பேசினார். "தொண்ணூத்தியொண்ணுல நாடே கவுந்துச்சு, நானும் கவுந்தேனுங்க. கப்பல் முழுகறப்ப எல்லாரும் குதிச்சுப் போனாங்க. தப்பில்லைங்க, அவங்கவங்க பொழப்பு. இந்த மனுசன் மட்டும் போகல. ஏத்தின சம்பளத்தையும் வேண்டாம்னாரு. நான் பெங்களூர் வந்து என்னத்தைச் சம்பாரிச்சேன்னு எங்கூர்ல கேட்டாங்கன்னா, ஒரு மதலைமுத்துவைச் சம்பாரிச்சேன்னு சொல்லுவேனுங்க."

மதலைமுத்து செக்கை வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மொதலாளி, அது நாந்தான்" என்றார். "கவர் எடுத்தியான்னு பாங்க்லேர்ந்து போன் வந்துச்சு. நா தபால் கவர்னு நெனச்சிக்கினு எடுத்துட்டேன்னு சொல்லிட்டேன். அந்த மூணரை லட்சம் என்னாலதான் போச்சு. அதான் போகல. அதான் சம்பளம் வேணாம்னேன்."

தொழிலாளிகள் நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பழனிச்சாமி தோளிலிருந்து கையை எடுத்தார். கோபப்படப் போகிறார் என்றுதான் நினைத்தேன். கோபம் வந்திருந்தால் எவ்வளவோ தேவலை.

"அப்ப ஒம்போது வருசமும் அதுக்கோசரந்தான் இருந்தீங்களா, மதலை?"

பழனிச்சாமி பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"பணம் போனாப் போச்சாதுங்க. அதை நான் எப்பவோ தலை முழுகிட்டேன். ஒருத்தராவது நமக்காக இருந்தாரேன்னு நெனச்சுட்டிருந்தேனுங்க. அதுவும் இல்லைன்னு ஆயிப்போச்சு."

ஒரு வாக்கியம் போதும். முதல் நாளே உங்கள் காலில் விழுந்து சொல்ல ஓடினார், அரிசி போடுகிற மனுஷன் என்று துடித்தார், கதவை மறித்தவன் நான் என்று சொன்னால் போதும். பழனிச்சாமிக்கு அவருடைய மதலைமுத்து திரும்பிக் கிடைப்பார். மதலைமுத்துவும் தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போவார். எனக்கு அது தெரிந்தது. வாய்வரைக்கும் வந்தது என்று கூடச் சொல்வேன், ஆனால் வரவில்லை. மேலே போயிருந்த மனுதான் நினைவுக்கு வந்தது.

பழனிச்சாமி என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு இது தெரியுங்களா சார்?"

"இப்பத்தான் கேக்கறேன்" என்றேன்.

மதலைமுத்து என்னைப் பார்த்தார். பிறகு முதலாளியிடம் சொன்னார்: "சாருக்கு ஒண்ணும் தெரியாது மொதலாளி."

பழனிச்சாமி அதை நம்பினார். விருந்துக்குக் கூப்பிட்டு உங்களை இப்படிச் சங்கடப்படுத்திவிட்டோமே என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். ஸ்கூட்டர் வரைக்கும் கூடவே வந்து, கை கூப்பி என்னை வழியனுப்பினார். மதலைமுத்து ஷெட்டுக்கு உள்ளேயே நின்றிருந்தார்.